கால்சியம் இல்லாத தண்ணீர்

புனேவுக்கு வந்த பிறகு நான் பொறாமைப்பட்டது ஒரே ஒரு ஆள்மீதுதான். ஆனால் ஊரில் பத்துப் பேர்மீது படவேண்டியதை எல்லாம் சேர்த்து அவள் ஒருத்தி மீதே பட்டுவிட்டேன். அவள் என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். அது வேறு கடுப்பு.

இருவரும் ஒரே ஆய்வகத்தில் இருந்தோம். நான் திருநெல்வேலிக்காரி. கணவருக்கு மகர்பட்டாவில் ஐ.டி. வேலை என்பதால் கல்யாணமானதும் இங்கே வந்து, ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். அவள் புனேயை ஒட்டிய தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பாவுக்கு அங்கே ராணுவ டிப்போவில் வேலை. எனக்கு மூன்று வருடம் பிந்தி வந்தவள், வந்த வாரத்திலேயே எங்கள் பேராசிரியரோடு மராத்தியில் பேசி அவரைச் சிரிக்க வைத்தாள். அந்த மனிதருக்குச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூன்று வருடமாக நான் அவரிடம் ஆங்கிலத்தில் இலக்கணம் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலை கால்சியத்தைப் பார்ப்பது. கால்சியம் என்றதும் என் அம்மா எலும்பு, பல், பால் என்பாள். நாங்கள் பார்த்தது செல்லுக்குள் இருக்கும் கால்சியம். வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் செல்லுக்குள்ளே இருக்கும். கூடுதலாக வருவதைச் செல் ஓயாமல் வெளியே இறைத்துத் தள்ளும். அப்படி அடக்கி வைத்திருப்பதால்தான் துளி ஏறினாலும் அது ஒரு செய்தியாகிறது. வீடு அமைதியாக இருந்தால்தானே கதவு தட்டுகிற சத்தம் காதில் விழும்? அந்தச் செய்தி வந்தால்தான் தசை சுருங்கும், சுரப்பி சுரக்கும். ஏறியது இறங்காமல் நின்றுவிட்டாலோ செல் செத்துப் போகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

ஓர் ஆற்றுமீனின் செவுளிலிருந்து எடுத்த செல்களைச் சின்னக் கண்ணாடி டிஷ்களில் வளர்த்து வைத்திருந்தோம். அவற்றுக்கு ஒரு சாயம் ஏற்றுவோம். கால்சியம் ஏறினால் சாயம் பச்சையாக ஒளிரும். மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்துத் தூண்டும் மருந்தை ஒரு சொட்டு விட்டால், திரையில் செல்களில் ஒவ்வொன்றாகப் பச்சை ஏறும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதே காட்சியைப் பார்த்து “அரே வாஹ்!” என்று கை தட்டினாள். அவளுடைய செல்கள் என்னுடையவற்றைவிடப் பளிச்சென்று எரிந்தன. காரணம் எனக்குத் தெரியாது. அவள் தொட்டால் துலங்கியது, அவ்வளவுதான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேள்வி இதுதான்: ஏறுகிற கால்சியம் எங்கிருந்து வருகிறது? செல்லுக்குள்ளேயே மடிப்பு மடிப்பாக ஒரு பை உண்டு. கால்சியத்தைச் சேர்த்து வைக்கிற கிடங்கு அது. அங்கிருந்து வருகிறது என்பது என் கட்சி. வெளியிலிருந்து சுவரைத் தாண்டி உள்ளே வருகிறது என்பது அவள் கட்சி. என் ஆதாரம் எளிது. கால்சியமே இல்லாத உப்புத் தண்ணீரில் செல்களை வைத்து மருந்து விட்டேன், பச்சை வந்தது. வெளியே இல்லாத பொருள் ஏறுகிறது என்றால் உள்ளே இருந்துதானே வந்திருக்க வேண்டும்? அவளும் அதே தண்ணீரில் வைத்து அதே மருந்தை விட்டாள். ஒன்றும் வரவில்லை. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும்.

பேராசிரியர் இரண்டையும் பார்த்துவிட்டு, இருவரும் என் கண் முன்னால் செய்து காட்டுங்கள், யார் சொல்வது நிற்கிறதோ அவர் பெயர்தான் கட்டுரையில் முதலில் வரும் என்றார். எனக்கு அந்த வருடத்தோடு உதவித்தொகை முடிகிறது. முதல் பெயராக ஒரு கட்டுரை இல்லாவிட்டால் அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் போடவே முடியாது. வீட்டில் உட்கார்ந்து, ‘அவங்க வீட்டுக்காரர் மகர்பட்டாவுல இருக்கார்’ என்று அறிமுகப்படுத்தப்படுகிற ஆளாக ஆகிவிடுவேன். அவளுக்கு இன்னும் வருடங்கள் கிடந்தன.

“ஒனக்கு அந்தப் பிள்ள மேல பொறாம,” என்றார் கணவர், இரவு சாப்பிடும்போது.

“எனக்கா? அவளுக்கு ஒழுங்கா பைப்பெட் புடிக்கவே தெரியாது.”

“அப்பொ எதுக்கு அவ என்ன கலர் சுடிதார் போட்டுருந்தாங்கது வரைக்கும் டெய்லி எங்கிட்ட சொல்லுத?”

நான் ரசத்தை அவர் தட்டில் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினேன்.

செய்து காட்ட வேண்டிய நாள் வந்தது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. செல்களுக்குச் சாயம் ஏற்றிக் கழுவி முடித்ததும் எல்லாரும் வாசலுக்கு எதிரே இருக்கும் டப்ரிக்கு, அதாவது டீக்கடைக்கு, போய்விடுவார்கள். கட்டிங் சாய் என்கிற அரை கிளாஸ் டீ, வடாபாவ், ஊர்க்கதை. நான் போக மாட்டேன். ஃபிளாஸ்க்கில் கொண்டுவரும் காபியை என் மேஜையிலேயே குடித்துக்கொள்வேன். கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, சலோ ந, இன்னிக்காவது வாங்க. ரொம்ப டென்ஷன்ல இருக்கீங்க. டீ குடிச்சா எல்லாம் டீக் ஆயிடும், சரியாயிடும்.”

“வாரேன், வாரேன்,” என்றேன். அன்று அவளைக் கண்ணைவிட்டு அகலவிடும் உத்தேசம் எனக்கு இல்லை.

கிளம்பும் முன் அவள் ஒரு காரியம் செய்தாள். தன் டிஷ்ஷிலிருந்த, கால்சியம் உள்ள வழக்கமான தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, கால்சியம் இல்லாத தண்ணீரை ஊற்றி மூடி வைத்தாள். “வந்ததும் ரெடியா இருக்கும்லக்கா,” என்றாள்.

எனக்குச் சந்தோஷத்தில் உள்ளுக்குள் தேர் ஓடியது. கிடங்கு என்பது பூட்டிய பெட்டி இல்லை. அது எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகும். வெளியிலிருந்து கால்சியம் வருவதால்தான் அது நிரம்பியே நிற்கிறது. வெளியே எதுவும் இல்லாத தண்ணீரில் செல்லைப் போட்டுவிட்டு வடாபாவ் தின்னப் போனால், திரும்பி வருவதற்குள் கிடங்கு துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் எந்த மருந்தை விட்டால் என்ன? நான் மருந்து விடுவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரை மாற்றுவேன். இவள் டீக்குப் போகும்போதே மாற்றிவிடுகிறாள். இத்தனை நாள் என் தூக்கத்தைக் கெடுத்த முடிவு ஒரு கட்டிங் சாயில் இருந்து வந்திருக்கிறது!

டப்ரியில் நின்று நிதானமாக டீ குடித்தேன். வடாபாவ் வேறு சாப்பிட்டேன். இஞ்சி போட்ட அந்த டீ அவ்வளவு ருசியாக இருந்தது. அவளிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம்தான். பேராசிரியர் முன்னால் சொன்னால்தானே என் மனசு குளிரும்?

மைக்ரோஸ்கோப் அறையில் விளக்கை அணைத்தார்கள். முதலில் என் டிஷ். பச்சை வந்தது. அடுத்து அவளுடையது. மருந்து விட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆங்கிலத்தில், ஒரு பிழை இல்லாமல், டீயிலிருந்து கிடங்குவரை அத்தனையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ, டிப்போ காலியாயிடுச்சா? ஸாரி சார். ஸாரிக்கா.” பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, “அக்கா, டிப்போ காலின்னா செல் சும்மாவா இருக்கும்? வெளிய கதவ தொறந்து வெச்சிட்டு சரக்கு வருமான்னு பாத்துட்டு இருக்காது? இப்ப கால்சியம் குடுத்தா என்ன ஆகும்? நான் மௌஸ புடிச்சிட்டு இருக்கேன், நீங்க ஊத்துங்களேன்,” என்றாள்.

ஊற்றினேன். என் கையால்தான் ஊற்றினேன்.

திரை முழுக்கப் பச்சை ஏறியது. மருந்துக்கு வந்து போகிற பச்சை இல்லை இது. ஏறி, அப்படியே நின்றது. காலியான கிடங்கு வெளிச்சுவரில் கதவைத் திறக்க வைக்கும் என்பது நான் படித்ததுதான். பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். ஜூனியர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். ஆனால் எங்கள் செவுள் செல்களில் அதை யாரும் பார்த்தது கிடையாது. நானும் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பேன்? நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட என் கிடங்கைக் காலியாக விட்டதே இல்லையே. அவ்வளவு சுத்தமான வேலைக்காரி நான்.

பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தார். “கிஸ்கா டிஷ் ஹை?” என்றார். யாருடைய டிஷ் என்பதுதான் எங்கள் ஆய்வகத்தில் கணக்கு. செல்லை வளர்த்தவர் யாரோ, கிடைத்ததும் அவருக்கே.

அவள் என்னைக் காட்டி மராத்தியில் படபடவென்று என்னவோ சொன்னாள். தாயீ, தாயீ, அதாவது அக்கா, என்றது மட்டும் புரிந்தது. அக்கா சொல்லித்தான், அக்கா ஊற்றித்தான் என்கிறாள் போலிருக்கிறது. அவர் என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார்.

“அவளோடது,” என்றேன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். டிஷ்ஷின் மூடியில் அவள் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. மூடி அவருக்குக் கையெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

கட்டுரை வந்தது. நான் சொன்னதே சரி என்று அதன் முதல் படம் சொல்கிறது. ஆனால் கட்டுரையின் தலைப்பே அந்தக் கதவைப் பற்றியது; பெயர்களில் முதல் பெயர் அவளுடையது. என் உதவித்தொகை முடிந்து மேஜையைக் காலி செய்த அன்று அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “நீங்க மட்டும் அன்னிக்கு என்னோட டீக்கு வரலேன்னா எனக்கு இது கெடச்சிருக்கவே கெடச்சிருக்காதுக்கா,” என்று அழுதாள். மனதாரச் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.