பதுங்குகுழிக்குள் ஒரு குளவிக்கூடு

குளவி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். ஏழு வயதில் பந்து தேடிக் கிளுவை வேலிக்குள் கையை விட்டு, முகம் வீங்கி, இரண்டு நாள் கண் திறக்க முடியாமல் கிடந்தவன் நான். அப்படிப்பட்டவன் பிறகு ஏன் குளவிகளைத் தேடித் தேடிப் படம் எடுத்தாய் என்று கேட்டால் இதைத்தான் சொல்லமுடியும். பயந்த சாமான் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் எனக்கு நித்திரை வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வட்டக்கச்சியில் விவசாயப் போதனாசிரியராக இருந்தேன். சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பயிரில் பூச்சி பார்ப்பது வேலை. கத்தரிப் பூவைக் கட்டிப்பிடித்து உதறுகிற நீலக்கோட்டுத் தேனீ, வரம்பில் துளை போடுகிற மண்குளவி, ரோசா இலையை வட்டமாக வெட்டிக்கொண்டு பறக்கிற இன்னொரு தேனீ என்று கண்டதையெல்லாம் கொப்பியில் எழுதி வைப்பேன். வெளிநாடு போன என் அண்ணன் விட்டுப்போன பழைய கமரா ஒன்று இருந்தது. வில்லையைக் கழற்றித் திருப்பிப் பிடித்தால் எறும்பின் மீசைகூடத் தெரியும். யுத்தத் தடையால் பற்றரி கிடைக்காத காலம், அதனால் பிளாஷ் இல்லை. பிலிமும் ஒரேயொரு றோல்தான். வவுனியாவுக்குப் போய்வந்த ஒருவர் தந்தது. முப்பத்தாறு படம்.

வீட்டுப் பின்வளவில் எங்கள் பதுங்குகுழி இருந்தது. மடக்கிய கைபோல ஒரு வளைவு, மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. மாரி வெள்ளம் வற்றிய பிறகு ஒருநாள் துப்புரவாக்க இறங்கியபோதுதான், வளைவுக்கு அங்கால் பனங்குற்றியின் அடியில் அந்தக் கூட்டைக் கண்டேன். சாம்பல் நிறக் கடதாசியால் செய்ததுபோலப் பத்துப் பதினைந்து அறைகள், கீழே பார்த்தபடி. மண்ணிறக் குளவி ஒன்று விளிம்பில் நின்று என் பக்கம் தலையைத் திருப்பியது. நான் பின்பக்கமாகவே தவழ்ந்து வெளியே வந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே சொன்னாள்: "எரிச்சுவிடுங்கோ. பிள்ளை இறங்கிற இடம்."

"ஓம், இண்டைக்கே எரிக்கிறன்" என்றேன்.

எரிக்கவில்லை. முதலில் ஒரேயொரு படம் எடுத்துவிட்டு எரிக்கலாம் என்று நினைத்தேன். காலை ஒன்பது மணிக்குப் படியில் வெயில் விழும். முகம் வழிக்கிற கண்ணாடியை வளைவில் சாய்த்து வைத்தால் அந்த வெளிச்சம் திரும்பிக் கூட்டில் போய் விழும். எடுத்தேன். அடுத்த கிழமை முட்டை தெரிந்தது. அதற்கடுத்து வெள்ளைப் புழுக்கள், வாசல்களை மூடிய மெல்லிய மூடிகள். குஞ்சுக் குளவி அந்த மூடியைக் கடித்துக்கொண்டு வெளியே வருகிற கணத்தை எடுக்கவேண்டும், பிறகு எரித்துவிடலாம். இப்படியே ஒன்றரை மாதம் போனது. கூடு உள்ளங்கை அளவாகிவிட்டது. நாற்பதுக்கு மேலே குளவிகள்.

மனைவி கேட்டபோது, "அண்டைக்கே எரிச்சுப்போட்டன்" என்றேன். வளைவில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, "அங்காலை மண் சரிஞ்சு கிடக்கு. இப்போதைக்கு வாசல் பக்கமே இருங்கோ" என்றும் சொல்லிவைத்தேன். அவள் நம்பினாள். அந்த நாட்களில் குண்டு போடுகிற விமானம் எங்கள் பக்கம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது சாக்கை ஒருதரம் இழுத்துச் சரிசெய்வேன். பின்னேரம் வந்து எரிப்போம் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

அன்று காலை பத்து மணி இருக்கும். வாய்க்கால் கரையில் ஒரு மிளகாய்த் தோட்டத்தில் குனிந்து நின்றேன். தோட்டக்காரருக்குத்தான் முதலில் சத்தம் கேட்டது.

"பொம்மர்! தம்பி, விழுந்து படுங்கோ!"

அவர் வாய்க்காலுக்குள் பாய்ந்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் பின்னால் நின்று ஏசியது இன்றும் காதில் இருக்கிறது. எனக்கு வேறு நினைவே இல்லை. குண்டு கிட்ட விழுந்தால் பிள்ளையை உள்ளுக்குத் தள்ளவேண்டும், வளைவுக்கு அங்கால்தான் பாதுகாப்பு என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். மண் சரிந்திருக்கிறது என்ற கதையையெல்லாம் அந்த நேரம் அவள் பார்க்கமாட்டாள்.

முதல் குண்டு பள்ளிக்கூடப் பக்கமாக விழுந்தது. சைக்கிளோடு தெருவில் சரிந்தேன். முழங்கால் உரிந்தது. எழும்பி மறுபடி மிதித்தேன். தெருவில் ஒரு சனம் இல்லை.

பின்வளவுக்கு ஓடிவந்து படியில் நின்று கூப்பிட்டேன்.

"சத்தம் போடாதேங்கோ" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. மிக மெல்லிய குரல். "மேலெல்லாம் ஊருது."

குனிந்து பார்த்தேன். சாக்கு அறுந்து கீழே கிடந்தது. அதிர்வில் பனங்குற்றிகளுக்கு இடையிலிருந்து மண் கொட்டியிருந்தது. வளைவில் அவள் குப்புறக் குந்தியிருந்தாள். அவளுக்குக் கீழே எங்கள் ஐந்து வயதுப் பிள்ளை. குளவிகள் இருட்டுக்குள் சுற்றின. சில அவளுடைய முதுகிலும் தலைமயிரிலும் நடந்தன.

உள்ளே இறங்கவேண்டும். என் கால் படியில் நின்றுவிட்டது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். மேலே விமானம் வட்டம் போட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. கீழே என் மனைவியும் பிள்ளையும். இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மெல்ல மூச்சு விடும். கையை வீசவேண்டாம். குத்தினாலும் அசையவேண்டாம்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். பிள்ளைக்குச் சொல்லுங்கோ."

பிள்ளை கேட்டது: "அப்பா, என்ர காதிலை ஒண்டு நடக்குது."

"அது மணந்து பாக்குது, பிள்ளை. போயிடும். கண்ணை மூடிக்கொண்டு ஒண்டிலையிருந்து எண்ணுங்கோ."

பிள்ளை எண்ணத் தொடங்கியது. பதினொன்றுக்கு வரும்போது விமானம் பதிந்து வருகிற சத்தம் கேட்டது. நான் துணிந்து இறங்கினேன் என்று சொல்லமாட்டேன். முழங்கால் மடிந்து விழுந்தேன், விழுந்தது உள்பக்கமாக. தவழ்ந்துபோய் அவர்களுக்கு மேலே என் உடம்பைப் போட்டேன். குண்டு விழுந்தது. நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. மண் கொட்டியது. கழுத்தில் முதலில் ஒன்று குத்தியது, பிறகு காதடியில், பிறகு எண்ண முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். எனக்குக் கீழே பிள்ளை பதினெட்டை இரண்டு தரம் எண்ணியது.

சத்தம் தூரமாகிப் போனபிறகு ஒவ்வொருவராகப் பின்பக்கம் தவழ்ந்து வெளியே வந்தோம். வெளிச்சத்தில் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். இடது கண் மூடிவிட்டது. உதடு தடித்திருந்தது. பிள்ளைக்குப் புறங்கையில் ஒரேயொரு குத்து. அது அழவில்லை. தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"தொண்டை இறுகுது" என்றாள் மனைவி.

கிளிநொச்சி வைத்தியசாலைக்குச் சைக்கிளில்தான் போனோம். பிள்ளை முன் பாரில், அவள் பின் கரியரில். அவளுடைய கை என் இடுப்பைப் பிடித்திருந்தது. மூச்சு இழுக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. "பிடிச்சிருக்கிறீரோ?" என்று கேட்டுக் கேட்டு மிதித்தேன். முதலில் "ஓம்" என்றாள். பிறகு கதைக்க முடியாமல் விரலால் இடுப்பை அழுத்தினாள். ஒருமுறை அழுத்தம் வரப் பிந்தியது. அந்த இடம் எது என்று இப்போதும் காட்டுவேன். ஒரு மதகும் பக்கத்தில் இரண்டு மருதமரமும்.

வைத்தியசாலையில் குண்டுக் காயக்காரரை ட்ரக்டர் பெட்டிகளில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் குளவி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. டொக்டர் அவளுடைய முகத்தைப் பார்த்தவுடனேயே கேட்டார்: "குளவியோ?" தலையாட்டினேன். ஊசி போட்டார்கள். அரை மணித்தியாலத்தில் மூச்சு இளகியது. நான் சுவரோரம் நிலத்தில் குந்தினேன். அதற்குப் பிறகுதான் என் கழுத்து நோகத் தொடங்கியது.

பின்னேரம், ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து அவள் கேட்டாள்: "எரிச்சுப்போட்டன் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"ஏன்?"

"படம் எடுக்க."

"பிள்ளை அதுக்குள்ளை இருந்தது" என்றாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்தநாள் பொழுதுபடுகிற நேரம் தென்னோலையைச் சூளாகக் கட்டிக் கொளுத்திக்கொண்டு இறங்கினேன். சூள் இரண்டு தரம் அணைந்தது. கூடு பற்றி எரிய ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. கமராவில் இன்னும் பதினொரு படம் மிச்சம் இருந்தது. அதை நான் தொடவில்லை.

அதற்குப் பிறகு பல மாதம் மனைவி அந்தக் குழிக்குள் இறங்கும் முன் ஒரு விளக்கைக் கொண்டுபோய் ஒவ்வொரு குற்றியாகப் பார்ப்பாள். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் பார்ப்பாள். நான் ஒருபக்கம் நின்றுகொள்வேன்.

பிலிமைக் கழுவக் கொடுக்க ஒன்றரை வருடம் பிடித்தது. அதற்குள் நாங்கள் வட்டக்கச்சியை விட்டே இடம்பெயர்ந்துவிட்டோம். படங்கள் வந்தபோது பெரும்பாலும் கறுப்பு. மூன்றுதான் தெளிவு. அதில் ஒன்றில் ஒரு குளவி அறை விளிம்பில் நின்று நேரே பார்க்கிறது.

மனைவி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுவோ குத்தினது?"

"இதுதான் எண்டு சொல்லேலாது. இந்த இனம்தான்."

"முகத்தைப் பாத்தா சாதுவாத்தான் இருக்கு." படத்தைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டாள்: "வேறை ஏதும் மறைச்சு வைச்சிருக்கிறியளோ?"

"இல்லை" என்றேன். உண்மையும் அதுதான். ஆனாலும் அவள் அந்தப் படத்தைப் பார்த்ததைவிடக் கூடுதலான நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.