பொந்தொரியேரோ கட்டிவிட்ட பீடை

போன வாரம் எவரிஸ்தோ பொந்தொரியேரோ இறந்துபோனார். எங்கள் ஊர் அவெல்லனேதா முழுக்க அவரைப் பெரிய கலைஞர் என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகன். முடிதிருத்துகிறவர் ஒருவரிடம் பந்தோனியோன் என்னும் துருத்திப்பெட்டி வாசிக்கப் பழகினார். பழகியது கொஞ்சம், தலையில் தடவிக்கொண்ட எண்ணெய் அதிகம். பிறகு சொந்தமாக டாங்கோ குழு வைத்தார். அதைத் தூக்கி நிறுத்தியவர் பியானோக்காரர் நசரேனோ கிரீச்சி. மெட்டெல்லாம் கிரீச்சி போட்டது. இசைத்தட்டில் மட்டும் பொந்தொரியேரோ பெயர்.

ஒரு கார்னிவல் நடனத்தில் ஜோடிகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடையருகே வந்து நின்று கேட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு குழுவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை. ஆனால் அத்தனை முகங்களும் பியானோ பக்கம் திரும்பியிருந்தன. பொந்தொரியேரோவுக்கு வயிறு எரிந்தது.

அன்று மேடை விளக்கு ஒன்று வெடித்தது. அது போதுமே அவருக்கு. மறுநாள் காபிக்கடையில் ஆரம்பித்தார்.

"அவன் பியானோவுல உக்காந்தா பல்பு வெடிக்குது. போன மாசம் வயலின் கம்பி அறுந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலப்பா, நீங்களே யோசிங்க."

எங்கள் ஆட்கள் யோசிக்கவா போகிறார்கள்? ஒருவனைப் பீடை என்றுவிட்டால் அவன் பெயரைக்கூட வாயால் சொல்ல மாட்டார்கள். அவன் எதிரே வந்தால், பீடை தங்கள்மேல் ஒட்டாமலிருக்க ஆண்கள் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு, தொட வேண்டியதைத் தொட்டுக்கொள்வார்கள். என் அப்பாவும் தொட்டார். கிரீச்சி பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து மொந்தேவிதேயோவுக்குப் போய்விட்டார்.

அடுத்த கார்னிவல் வந்தது. குழுவின் வருஷப் பிழைப்பே கிளப்புகள் நடத்தும் அந்த நடனங்கள்தான். பொந்தொரியேரோ எங்கள் கிளப் தலைவர் பார்பஹெலாத்தாவைப் பார்க்கப் போனார். நிர்வாகிகளோடு அப்பாவும் அங்கே இருந்தார்.

"இந்த வருஷம் உங்க குழு வேண்டாம், வாத்தியாரே" என்றார் தலைவர்.

"ஏன்யா? பீடையத்தான் தொரத்திட்டேனே!"

"வருஷக்கணக்கா அவன்கூட ஒரே மேடையில உக்காந்திருக்கீங்க. வெங்காயம் வதக்குனவன் சட்டையில வாசம் ஒட்டாமலா இருக்கும்?"

பொந்தொரியேரோ மேசையில் குத்தினார். "பீடையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! நான் கட்டிவிட்ட கதைய்யா அது! கிரீச்சி, கிரீச்சி, கிரீச்சி! பாருங்க, கூரை விழுந்துச்சா?"

கூரை விழவில்லை. ஆனால் அங்கிருந்த எல்லோருடைய இடது கையும் பைக்குள் போய்விட்டது.

"அடப்பாவி, மூணு தடவை சொல்லிட்டியே!" என்று அலறினார் தலைவர். "மொதல்ல வெளிய போய்யா!"

வாழ்நாளில் அவர் பேசிய ஒரே உண்மை அதுதான். அதை ஒருவரும் நம்பவில்லை. அதன்பின் எந்த கிளப்பும் அவரைக் கூப்பிடவில்லை. தெருவில் அவர் பெயரையும் வாயால் சொல்லாமல் 'எண்ணெய்த் தலை' என்றார்கள்.

போன வாரம் சவப்பெட்டிக்கு முன் வரிசையாக நின்று, "மகா கலைஞன்" என்று மூக்கைச் சிந்தினார்கள். சிந்தியது வலது கையால். இடது கை பைக்குள் இருந்தது.