றாபியாவின் வலப்பக்கம்

மூன்றாவது சேலையையும் விரித்துப் போட்டுவிட்டு, சேலையைத் தவிர உலகத்திலுள்ள எல்லாவற்றையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள் றாபியா. மீன் விலை, பஸ் நேரம், மன்னாரில் அரசாங்கக் கந்தோர் வாசலை மறித்துப் படுத்திருந்த கழுதை. வீட்டுக்காரி "இந்த முறை வேணாம் றாபியா" என்று ஐந்து தரம் சொல்லியாயிற்று. "வேணாமெண்டா விடுங்கோ. நான் வாங்கச் சொன்னனானா?" என்கிறாள். ஆனால் சேலையை மடிப்பதாக இல்லை. அது வீட்டுக்காரியின் மடியிலேயே கிடக்கிறது.

மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டியிலிருந்து தாராபுரம் வரைக்கும் மூட்டையோடு நடந்து புடவை விற்கிற ஐம்பத்திரண்டு வயது மனுசி அவள். தொழில் இரகசியத்தை ஒளிப்பதில்லை. "மடிப்பக் கலைச்சு விட்டாப் போதும். மிச்சத்த அவங்களே பாத்துக்கொள்ளுவாங்க" என்பாள். சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரிப்பாள். நின்றபடி சிரிக்க அவளால் முடியாது, உட்கார இடம் வேண்டும். அரிசி மூட்டை, கிணற்றுக்கட்டு, ஒருமுறை யாரோ நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள்.

அவளுடைய வாப்பா அப்துல் றசாக், இரண்டு பெண்மக்களுக்கும் சேர்த்து ஒரே கூரையின் கீழ் இரட்டை வீடு கட்டியவர். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதுதான் அங்கே வழக்கம். வீடு இல்லாமல் கல்யாணப் பேச்சே எழாது. வாசல் இரண்டு, கிணறு ஒன்று, நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரை மெல்லிசாகவே எழுப்பச் சொன்னாராம். "பிள்ளைகள் சண்டை பிடிச்சாலும் ஒண்டுக்கொண்டு கேக்கோணும்." மூத்தவள் மைமூனுக்கு ஒரு பாதி, றாபியாவுக்கு மறு பாதி. தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்ற, ஊரோடு புத்தளம் போனபோது அகதி முகாமிலும் இருவருக்கும் நடுவே ஒரு தென்னங்கிடுகு மறைப்புத்தான் இருந்தது.

போர் முடிந்தது. றாபியா வந்துவிட்டாள், மைமூன் வரவில்லை. "அந்த வீட்டக் கழுதைக்கும் பாம்புக்கும் குடுத்தாச்சு, நான் வரமாட்டன்" என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் அதே பதில். றாபியா தன் பாதியை இடித்துப் புதிதாகக் கட்ட நாள் குறித்தாள். தெருத்தெருவாகச் சொல்லித் துள்ளினாள். உள்ளுக்குள் மட்டும் ஒரு பயம் கிடந்தது. மறுபக்கம் ஆளில்லாத சுவரோடு மிச்சக் காலத்தை எப்படிக் கழிப்பது? ராத்தா மைமூனின் இருமல் கேட்காத வீடு அவளுக்கு வீடே இல்லை.

மேசன் கதிர்காமு அடம்பன்காரர், ஊருக்குப் புதியவர். அவருக்குப் போனில் அடையாளம் சொன்னாள்: "றோட்டில நிண்டு பாத்தா வலப்பக்கம் என்ட பாதி." பிறந்ததிலிருந்து அவளுக்கு றோட்டு என்றால் வீட்டு முகப்புக்கு எதிரே ஓடும் கடற்கரை ஒழுங்கைதான். அது பற்றைக்காடாகிப் போனதும், வீட்டின் பின்புறமாகப் புது றோட்டு விழுந்ததும் அவள் கண்ணுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. ஊர் திரும்பியவர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. கதிர்காமு புது றோட்டால் வந்தார், நின்று பார்த்தார், வலப்பக்கத்தில் ஏறினார்.

காலை எட்டு மணிக்கு றாபியா தங்கியிருந்த வீட்டிலிருந்து தேத்தண்ணிப் போத்தலோடு வந்தபோது, மைமூனின் கூரையில் ஆறு வரிசை ஓடு இறங்கியிருந்தது. "அல்லாவே!" என்று வாய் பிளந்தது. "நிப்பாட்டுங்கோ" தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே நின்று, திறந்த கூரைக்குள் வெயில் விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டாள்.

"தம்பி, தேத்தண்ணியக் குடிச்சிட்டு ஆறுதலாச் செய்யுங்கோ."

சொன்ன கையோடு கிணற்றுக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டும் தோள் குலுங்கியது. பழைய வீட்டை நினைத்து அழுகிறாவாக்கும், பாவம் என்று எண்ணிய கதிர்காமு ஒவ்வொரு ஓட்டையும் இன்னும் பக்குவமாகக் கழற்றினார்.

மத்தியானம் கூரை முழுவதும் தரைக்கு வந்த பிறகு புத்தளத்துக்குப் போன் எடுத்தாள். "ராத்தா! மேசன் பக்கம் மாறி உங்கட பாதிய இடிச்சிப்போட்டார்!"

போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது. கழுதைக்கும் பாம்புக்கும் கொடுத்துவிட்ட வீட்டுக்கு இப்படியொரு சொந்தக்காரி இருப்பாள் என்று யார் கண்டது? "இனி ஒரு கல்லுல கை வைக்கப்படாது! நாளைக்கு நான் வாறன்!"

மறுநாள் மைமூன் குடையோடு வந்து புது றோட்டில் இறங்கினாள். இடப்பக்கத்துப் பாதியை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கடி இடிச்சிருக்கு? என்ட வீடு முழுசா நிக்குதே!"

"பாத்தீங்களா, அவவுக்கும் மாறுது!" என்று கதிர்காமு குதித்தார்.

றாபியா வலப்பக்கத்தைக் காட்டினாள். கூரையில்லாத தன் வீட்டுக்குள் போய் நின்று மைமூன் கத்தினாள். "நீ எங்க போனாய்? வந்து பாக்கேல்லையா?"

றாபியா பொய்யைத் தேடுவதற்குள் கதிர்காமு முந்திக்கொண்டார். "அக்கா காலமையே வந்து பாத்தவ. தேத்தண்ணியும் தந்தவ."

மைமூன் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். றாபியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த பஸ்சிலேயே ராத்தா திரும்பிப் போய்விடுவாளோ என்று அவள் கையிலிருந்த குடையையே பார்த்தாள்.

"குசினிய இந்த முறை கடல் காத்துப் படுற பக்கமா வையுங்கோ," என்றாள் மைமூன் மேசனிடம். "வாப்பா வச்ச இடத்தில சமைச்சா ஒரே புகை."

குடையை மடக்கி மூலையில் சாத்தினாள். மேசனின் கையிலிருந்த அளவு நாடாவின் நுனியை இழுத்துத் தங்கையிடம் நீட்டினாள். "புடிடி."

றாபியா அதை நடுச்சுவரோடு வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். மைமூன் நாடாவை இழுத்துக்கொண்டு உடைந்த ஓடுகளை மிதித்து மறுமூலைக்கு நடந்தாள். பதினொன்றரை அடி என்று கதிர்காமு குறித்துக்கொண்டார்.

"சரி அக்கா, விடுங்கோ," என்றார்.

றாபியா விடவில்லை.