லட்சத்துக்கு ஐந்து கட்டம்

சித்தியின் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. நான் கெடுக்கவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தங்கை, கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு எங்களோடு தங்கியிருந்தாள். அதே ஊரில் இருக்கிற ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். பதில் வருவதற்குள் அப்பா திருச்சியில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டார். அந்த வீட்டில் பெண் மேலே படிக்கக் கூடாதாம். ஜாதகத்தில் ஏதோ தோஷம் இருப்பதாகச் சொன்ன ஜோசியர், அம்மன் மந்திரத்தை ஒரு லட்சம் முறை சொல்லி முடித்துவிட்டு நிச்சயம் செய்யச் சொன்னார். முடித்த மறுநாளே ரயில் என்றார் அப்பா. சித்தியை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எண்ணுவதற்கு அப்பா கரியாஹாட் நடைபாதையில் ஒரு கருவி வாங்கி வந்தார். மோதிரம் மாதிரி விரலில் மாட்டிக்கொள்ள வேண்டும். பொத்தானை அமுக்கினால் ஒன்று கூடும். பக்கத்தில் குண்டூசித் தலை அளவில் இன்னொரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் எல்லாம் அழிந்து பூஜ்யமாகிவிடும். அதை நான் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல், அந்த எண்ணைப் பார்த்துக் காலண்டரில் குறித்துவைப்பார். ஆள் வருகைப் பதிவேடு பார்க்கிற புத்தி வீட்டிலும் போகவில்லை.

தினம் ஆயிரம் என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடியது. கடைசி நாளன்று பள்ளிக்கூடம் விடுமுறை. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து நான் படம் வரைந்துகொண்டிருந்தேன். அம்மா பாயசத்துக்குப் பால் வைத்திருந்தாள். சித்தி கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே வந்தாள். திடீரென்று நிறுத்தினாள். எட்டிப் பார்த்தேன். ஐந்து பூஜ்யம்.

அம்மாவும் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். பார்த்த வேகத்தில் என் முதுகில் ஒன்று வைத்தாள். யார் அமுக்கியது என்று ஒரு கேள்விகூட இல்லை.

"நான் அழிக்கலைம்மா. அதுவா போச்சு."

சாயங்காலம் அப்பா வந்ததும் இதையேதான் சொன்னேன். என் வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினேன். அதில் கட்டைகளை அடுக்கி அடுக்கிப் புள்ளிகள் சேர்ப்பேன். கோடை விடுமுறையில் ஒருநாள், ஐந்து ஒன்பதுகளைத் தாண்டியதும் என் புள்ளிகள் எல்லாம் பூஜ்யமாகிவிட்டன. அதே மாதிரிதான் இதுவும் என்றேன். அப்பா பெட்டியைப் பிடுங்கி அலமாரி மேல் போட்டார்.

"மெஷின் பொய் சொல்லாது. நீதான் சொல்லுவே."

நேற்றுவரை காலண்டரில் குறித்திருக்கிறதே, இன்றைக்குச் சொன்னதையும் சேர்த்தால் லட்சம் முடிந்த மாதிரிதானே என்று அப்பா இழுத்துப் பார்த்தார். சித்தி தலையைத் தூக்கவில்லை.

"இன்னிக்கு எத்தனை சொன்னேன்னு எனக்குத் தெரியலையே, அத்தான். அம்மன் காரியம். குறையோட முடிக்கலாமா?"

அதற்குமேல் யார் பேச முடியும்? ஜோசியருக்கு போன் போனது. ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டார். பாயசம் எனக்குக் கிடையாது என்றாள் அம்மா.

இதில் என் கோபம் முதலில் அந்தக் கருவியைச் செய்தவன் மேல். நம் ஜனங்களின் வேண்டுதல் எல்லாம் லட்சத்தில்தான். லட்சத்துக்கு ஆறு கட்டம் வேண்டும். அவன் ஐந்து வைத்தான். ஐந்து ஒன்பதுகளுக்கு அடுத்த எண்ணுக்கு அதில் இடம் இல்லை. அங்கேயே நின்று தொலைத்தால்கூடப் பரவாயில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் பூஜ்யத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. இன்று நான் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறேன். பெரிய பெரிய கம்ப்யூட்டர்களிலும் இதே கூத்துதான். எண் வளர்ந்துகொண்டே போகும் என்று தெரிந்தே சின்ன இடமாக ஒதுக்குகிறார்கள். சிலவற்றில் பூஜ்யம்கூட வராது. உச்சியைத் தொட்டதும் கழித்தல் குறி போட்டுக்கொண்டு பாதாளத்தில் போய் விழும். அதற்கும் யாரோ ஒரு அப்பாவிதான் திட்டு வாங்குவார்.

ஆனால் அந்த ஒன்பது வயதில், பெரியவர்கள் எல்லாரும் சொன்னதால், நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. பரிகாரம் தேடினேன். சித்தி குளிக்கப் போகும்போது அந்த மோதிரத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் முந்நூறு, நானூறு என்று அமுக்கிவிட்டு வந்தேன். பத்து நாள் செய்தேன். இந்தத் தடவை நல்ல வேகம் என்று அப்பா காலண்டர் முன்னால் நின்று சந்தோஷப்பட்டார். சித்தி அதைக் கேட்டுப் புருவத்தைச் சுருக்கினாள்.

மறுநாள் குளிக்கப் போகிற மாதிரி போய்விட்டுத் திரும்பி வந்தாள். கையும் களவுமாக மாட்டினேன்.

"என்னடி பண்றே?"

"உனக்குச் சீக்கிரம் முடியணும்னுதான் சித்தி."

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. மோதிரத்தைப் பிடுங்கி, அந்தச் சின்னப் பொத்தானை நகத்தால் ஒரு அமுக்கு. பூஜ்யம். அப்படியே என் காதைப் பிடித்து அப்பா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். இவள் பொய் எண்ணிக்கை சேர்த்துவிட்டாள், எது மந்திரம் எது விளையாட்டு என்று பிரிக்க முடியாது, மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன் என்றாள். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

திருச்சிக்காரர்கள் எத்தனை லட்சம்தான் காத்திருப்பார்கள்? வங்காளிகளின் பூஜைத் திருவிழாவுக்கு முந்தின வாரம், வேறு இடம் பார்த்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். நாலு நாள் கழித்து ஜாதவ்பூரிலிருந்து கடிதம் வந்தது. இன்று சித்தி ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். ஐந்து ஒன்பதுகளோடு ஒன்றைக் கூட்டினால் என்ன என்பது அவளுக்கு அன்றே தெரிந்திருக்காதா? அன்று பொத்தானில் இருந்தது அவள் விரல். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றுவரை சொல்லவில்லை.

திருச்சியிலிருந்து போன் வந்த அன்று அம்மா அழுதாள். கல்யாணத்தைக் கெடுத்த பாவத்துக்கு நானும் கட்டிலுக்கடியில் புகுந்து அழுதேன். சித்தி மட்டும் அழவில்லை. குனிந்து என்னை வெளியே இழுத்து, மூக்கைத் துடைத்துவிட்டு, அன்று ராத்திரி எனக்குத் தன் கையால் சோறு ஊட்டினாள். இவ்வளவு நடந்தும் இவளுக்கு என் மேல் கோபமே இல்லையே, மந்திரம் சொன்ன பலன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.