மரவள்ளிக் காட்டுப் பள்ளிக்கூடம்

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் நாராயணசாமி மண்டோர் ஓடி வந்தபோது கலாவதி பிள்ளைகளோடு அவரைக்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தாள். மண்டோரின் தோளிலிருந்து ரத்தம் வழிந்து சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே முட்டி மடங்கி விழுந்தார்.

"கலாவதி, பின்னாலயே வர்றாங்க. என்னைக் காப்பாத்து."

அவளிடம் இதைக் கேட்க அவருக்கு முகமே இல்லை.

மலாயாவில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வடக்கே, ஆற்றை ஒட்டிய கித்தாத் தோட்டம், ரப்பர்த் தோட்டம் அது. ஜப்பான்காரன் காலத்தில் மூடிய தோட்டப் பள்ளியைத் துரை மறுபடி திறக்கவே இல்லை. பிள்ளைகள் புல்வெட்டப் போனார்கள். கலாவதி கித்தா மரத்தில் பால் வெட்டுகிறவள்; அரிசி கிடைக்காத அந்த வருடங்களில் தன் ஒரே குழந்தையைப் பசிக்குப் பறிகொடுத்தவள். போர் முடிந்ததும் அவளும் புருஷன் சன்னாசியும் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் உள்ள மற்றவர்களும் சேர்ந்து, பின்னால் கிடந்த சதுப்பில் வாய்க்கால் வெட்டி, மண்ணை மேடாக்கி, மரவள்ளியும் கீரையும் போட்டார்கள். நடுவில் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. கலாவதி சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் ஈர மண்ணில் குச்சியால் எழுதினார்கள். பாத்தியை அளந்து கணக்குப் படித்தார்கள். சாணமும் சருகும் குழிக்குள் எப்படி உரமாகிறது என்று கையை விட்டுச் சூடு பார்த்தார்கள். விளைந்தது எல்லா வீட்டுக்கும் போனது. வாய் அதிகமுள்ள வீட்டுக்கு அதிகம்.

மண்டோருக்கு இது ஆகவில்லை. புல்வெட்ட ஆள் குறைகிறது என்று ஒருநாள் கொட்டகைக்குள்ளேயே வந்து கலாவதியைக் கன்னத்தில் அறைந்தார். நாற்றுகளைச் செருப்புக் காலால் தேய்த்துவிட்டுப் போனார். ஆனால் தாயில்லாத அவர் மகள் கங்கா, அப்பனுக்குத் தெரியாமல் வந்து கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளும். அவர் ரத்தத்தோடு ஓடி வந்த அன்றைக்கும் அங்கேதான் இருந்தது.

"அப்பா!"

கலாவதி யோசிக்கவில்லை. அவரை இழுத்து உரக்குழிக்குள் தள்ளி, சருகை வாரி மேலே போட்டாள். கங்காவை மற்றப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார வைத்தாள்.

கித்தா மரங்களுக்குள்ளிருந்து நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் சீனர்கள். நான்காவது கார்த்திகேசு. தொழிற்சங்கத்தில் இருந்தவன், வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலச் சட்டம் போட்டுச் சங்கக்காரர்களைப் பிடிக்கத் தொடங்கியதும் கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் போனவன். இந்தக் கொட்டகைக்குக் கூரை போட்டதே அவன்தான்.

"அக்கா, மண்டோர் எங்க?"

"நான் பாக்கல. பிள்ளைங்க பயப்படுதுங்க, துப்பாக்கியக் கீழ எறக்கு."

"அவன் பட்டாளத்துக்குக் காட்டிக் குடுத்து எங்க ஆளுங்க செத்துட்டாங்க. விலகுக்கா."

அவன் பார்வை தரையில் இருந்தது. கீரைப் பாத்தி மேல் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் குழிவரை போயிருந்தது.

கலாவதி குழிக்கு முன்னால் போய் நின்றாள். கார்த்திகேசு துப்பாக்கிக் கட்டையால் அவள் தோளில் அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கீழே விழுந்தவள் ஒரு கையால் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் உதறி, அவள் வாயில் உதைத்தான். மற்றவர்கள் மண்டோரை முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். கங்கா கத்திக்கொண்டே ஓடி வந்து அப்பனைக் கட்டிக்கொண்டாள். ஒருவன் பிள்ளையைப் பிய்த்து எறிந்தான். இன்னொருவன் சுட்டான். மண்டோர் கொஞ்ச நேரம் காலை உதைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் பாராங் கத்தியால் அவர் கழுத்தில் வெட்டினார்கள்.

போகும்போது கொட்டகையில் இருந்த மரவள்ளிச் சாக்குகளைத் தூக்கினார்கள்.

"அது பிள்ளைங்க சாப்பாடுடா," என்றாள் கலாவதி, வாய் நிறைய ரத்தத்தோடு.

"நாங்களும் சாப்பிடணுமில்ல," என்றான் கார்த்திகேசு. அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

பிற்பகலில் பட்டாளம் வந்தது. வெள்ளைக்கார அதிகாரி பிணத்தைப் பார்த்தான், தோட்டத்தைப் பார்த்தான். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அவன் சொன்னதைத் தமிழில் சொன்னார்: "நீங்க கொம்னிஸ்டுக்குச் சாப்பாடு போட்டு வளக்கிறீங்களாம்."

"அவங்க எடுத்துக்கிட்டாங்க. நாங்க குடுக்கல. என் வாயப் பாத்துச் சொல்லச் சொல்லுங்கய்யா."

கிராணி அதை மொழிபெயர்த்தாரா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. சிப்பாய்கள் மரவள்ளியை வேரோடு பிடுங்கினார்கள், பந்தலைச் சாய்த்தார்கள், கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். சன்னாசி குறுக்கே போய் ஒரு சிப்பாயின் கையைப் பிடித்தான். நாலைந்து பேர் சூழ்ந்து அவனைப் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். காதில் விழுந்த உதையில் அந்தக் காது அன்றோடு போனது. உடைந்த தோளோடு கலாவதியை லோரியில் ஏற்றினார்கள். எரிகிற அத்தாப்பு காற்றில் பறந்து லயத்துக் கூரைகளில் விழ, பெண்கள் வாளியோடு ஓடியதைத்தான் அவள் கடைசியாகப் பார்த்தாள்.

தடுப்பு முகாமில் இருந்த காலத்தில் ஒருநாள் அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார்கள். வாசலில் பலகை மேல் ஒரு பிணம் கிடந்தது, வயிறு கிழிந்து, ஈ மொய்த்து. சடக்கு ரோட்டில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்றே போட்டிருந்தார்கள்.

"யார்னு தெரியுதா?"

"கார்த்திகேசு."

அவன் சாகவேண்டும் என்று அவள் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். இப்போது அந்த ஈயை யாராவது விரட்டினால் தேவலை என்று மட்டுமே தோன்றியது. கையை நீட்டினாள். போலீஸ்காரன் கையைத் தட்டிவிட்டான்.

விடுதலையாகி வந்தபோது லயமே இடம் மாறியிருந்தது. சடக்கோரத்தில் கம்பி வேலிக்குள் வீடுகள். வேலைக்குப் போகும்போது காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பிடி சோறுகூட வெளியே போகக்கூடாது என்று வாசலில் மடியைத் தடவிப் பார்த்தார்கள். சன்னாசி கங்காவைத் தன்னோடு வைத்து வளர்த்துக்கொண்டிருந்தான்.

கங்கா அவளிடம் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடும், கேட்டால் தலையசைக்கும். பல வாரம் கழித்து, துணி துவைக்கும் இடத்தில் கேட்டது: "ஏன் அவர குழியில தள்ளுனீங்க? ஆத்துப் பக்கம் ஓட விட்டிருந்தா தப்பிச்சிருப்பாரு."

கலாவதி சோப்பைக் கீழே வைத்தாள். "தப்பிச்சிருக்கலாம். எனக்குத் தெரியல கங்கா. அப்ப அதுதான் தோணுச்சு."

"உங்கள அறைஞ்சாருல்ல அவரு?"

"அறைஞ்சாரு."

கங்கா அழுதது. கலாவதி அதைத் தொடவில்லை. தொட விடுமா என்று தெரியவில்லை. ஈரத் துணியோடு பக்கத்திலேயே நின்றாள்.

அந்த வருடமே வீடுகளுக்கு இடையில் கிடந்த சந்து மண்ணைக் கொத்தத் தொடங்கினாள். தோள் சரியாகக் கூடவில்லை; கை பாதி உயரத்துக்கு மேல் வராது. வேலிக்குள் கீரை போடலாம், மரவள்ளி கூடாது என்றார் கிராணி. சரி என்றாள். பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் தன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டாள். அப்புறம் மற்றவர்களும். மழை வந்தால் கலாவதி வீட்டுக்குள்ளேயே பாடம் நடந்தது. துரை இரண்டு முறை வந்து கலைத்தார். அவர் கார் போனதும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

கங்கா தள்ளியே இருந்தது. ஒரு காலை, சாணத்தையும் சருகையும் போடக் கலாவதி குழி தோண்டத் தொடங்கியபோது, வாசற்படியில் நின்று பார்த்தது. முகம் வெளுத்திருந்தது.

"குழி வேணாம்," என்றது.

கலாவதி மண்வெட்டியை நிறுத்தினாள். "சரி. தரை மேலயே குமிச்சு வச்சுக்கலாம்."

தோண்டிய மண்ணைக் கங்காவே இறங்கி வந்து காலால் தள்ளி மூடியது. பிறகு சருகை வாரி வரக் கூடையை எடுத்துக்கொண்டு, வேலியோரம் நடந்தது.