கரண்ட் போன சனிக்கிழமையில் சோமனூரிலிருந்து உக்கடத்துக்கு, ஒரு ஹெட்போன் வாங்க

மாதத்தில் ஒரு நாள் எங்கள் ஊரில் கரண்ட் இருக்காது. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை பராமரிப்பு வேலை என்று முதல் நாளே பேப்பரில் போட்டுவிடுவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டுச் சலித்துக்கொள்வார்கள். சோமனூரில் நாங்கள் பையை எடுத்து வைப்போம். கரண்ட் இல்லை என்றால் தறி ஓடாது, தறி ஓடாவிட்டால்தான் எங்கள் வீட்டுக்காரர் குமாருக்கு ஊரைவிட்டு நகரக் கால் வரும். இந்த வலைப்பூவில் நீங்கள் படித்த ஆனைமலை, தாராபுரம் எல்லாமே கரண்ட் போன நாளில் போனதுதான்.

இந்தத் தடவை சாமி கும்பிடவும் போகவில்லை, ஊர் சுற்றவும் போகவில்லை. வெளியிலிருந்து வரும் சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் ஒன்று வாங்கப் போனோம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன், உள்ளே எட்டுத் தறி. நடுவில் ஒரே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் என் மேசை. வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டு டைப் செய்வது என் வேலை. தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டி வால்யூமைக் கடைசி வரை ஏற்றி வைப்பேன், சாயங்காலம் ஆனால் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரே இரைச்சல். போன மாதம் தவறுகள் கூடிப்போய், கம்பெனியிலிருந்து மெயில் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மறுதேர்வு, இரண்டு மணி நேரம். அதிலும் மார்க் குறைந்தால் வேலை இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

தறியை இரண்டு மணி நேரம் நிறுத்தச் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தால் கேட்க மாட்டீர்கள். கரண்ட் இருக்கும்போது தறியை நிறுத்துவது எங்கள் வழக்கத்திலேயே கிடையாது. சாவுக்குப் போனாலும் ஆள் வைத்து ஓட்டிவிட்டுத்தான் போவார்கள். ரிப்பேருக்கு நிறுத்தலாம், ஆளுக்காக நிறுத்த மாட்டார்கள். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பேச்சுக்கூட அந்தச் சத்தத்தில் எடுபடாது. அதனால் என் மேசைக்கு மேலே ஒரு பல்பு, அதன் சுவிட்ச் குடோனில் இருக்கிறது. குடோனில் ஒரு பல்பு, அதன் சுவிட்ச் என் கைக்கு எட்டும் இடத்தில். ஒரு தரம் அணைந்து எரிந்தால் என் பக்கம் டீ வேண்டும், அவர் பக்கம் டீ தயார், இரண்டு தரம் என்றால் ஆள் வந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷக் குடும்பம் இந்த இரண்டு பல்பில்தான் ஓடுகிறது.

சரி, பயணத்துக்கு வருவோம். காலை 8.10-க்கு சோமனூரில் டவுன் பஸ். எனக்கு இலவச டிக்கெட், அவருக்கு இருபத்திரண்டு ரூபாய். கருமத்தம்பட்டி வழியாக அவினாசி ரோட்டைப் பிடித்து காந்திபுரம் சேர 9.45 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் பீளமேட்டுக்கு முன்னால் அரைமணி நேரம் நகரவே இல்லை. பஸ் முழுக்க நாங்கள் பேசியதை எல்லோரும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். தறிக்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது. கல்யாண மண்டபத்தில் யார் எங்கள் ஊர் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

காந்திபுரத்தில் ஒரு பெரிய ஷோரூமுக்குள் முதலில் நுழைந்தோம். டை கட்டிய பையன் பதினான்காயிரம் ரூபாய் ஹெட்போனை என் தலையில் மாட்டி ஒரு பொத்தானை அமுக்கினான். ஏசியின் 'உம்ம்' அப்படியே நின்றுபோனது. எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் விவரமானவராம், முந்தின நாளே செல்போனில் குடோன் சத்தத்தை வீடியோ எடுத்து வந்திருந்தார். அதை என் காதோரம் வைத்து ஓட விட்டார். லேசாக 'டிக் டிக்' என்றது, அவ்வளவுதான். "வாங்கிப்போடலாம் அம்மணி" என்றார். நான்தான், கையில் இருப்பது எட்டாயிரம், இன்னொரு கடையும் பார்த்துவிடலாம் என்று இழுத்து வந்தேன். அந்த இடத்தில் வாங்கியிருந்தால் ஆழம் தெரியாமல் காலை விட்ட கதையாகப் போயிருக்கும்.

அடுத்து உக்கடம், காந்திபுரத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். அங்கே கோட்டைமேட்டுச் சந்து ஒன்றில் அன்வர் பாய் ஸ்பீக்கர், ஹெட்போன் எல்லாம் ரிப்பேர் பார்த்து விற்கிறார். எங்கள் ஊர்க் கோயில் ஒலிபெருக்கியைச் சரி செய்தவர் என்று குமாருக்குப் பழக்கம். ஆனால் பாய்க்கு இவரை ஞாபகம் இல்லை. நாங்கள் வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசினதும், "சோமனூருங்களா, பல்லடமுங்களா?" என்று கேட்டார்.

"எப்படிங்க பாய் கண்டுபிடிச்சீங்க?"

"நான் நாலடியில உக்காந்திருக்கேன். நீங்க நாப்பதடிக்குப் பேசறீங்க."

குமார் பெருமையாகச் செல்போன் வீடியோவை எடுத்து நீட்டினார். பாய் சிரித்துவிட்டார். "இது தறியோட போட்டோங்க, தறி இல்ல. உங்க மோட்டாரோட உறுமல் இந்தச் சின்ன ஸ்பீக்கர்ல வருமா? வராத சத்தத்தை எது அடக்குனா என்னங்க?" நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவரை விவரம் என்று சொன்னேனே, அது நானும் சேர்ந்துதான்.

அந்த ஹெட்போன் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தூரி என்றால் எங்கள் பக்கம் ஊஞ்சல். "தூரி ஆடுதுன்னு வைங்க. ஒருத்தரு இந்தப் பக்கமிருந்து தள்றாரு. அதே நேரத்துல, அதே பலத்துல நீங்க எதிர்ப்பக்கமிருந்து தள்ளுனா என்னாகும்? தூரி நின்னுபோகும். வெளிய இருக்கற மைக்கு சத்தத்தைக் கேக்குது. உள்ள இருக்கற சிப்பு அதுக்கு நேர் எதிர்ச் சத்தத்தைப் போடுது. ரெண்டும் காதுகிட்ட வந்து ஒன்னையொன்னு அழிச்சுக்குது. மோட்டார், ஏசி, பஸ் இன்ஜின், இதெல்லாம் ஒரே சீராத் தள்ற ஆளுங்க, அடக்கிரலாம். ஆனா திடீர்னு ஒருத்தன் ஓடியாந்து உதைச்சா? நீங்க கையத் தூக்கறதுக்குள்ள தூரி போயிருமுங்க."

தறியில் ஊடு நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடிபட்டு ஓடும் 'டக் டக்' இருக்கிறதே, அது முழுக்க ஓடிவந்து உதைக்கிற சத்தம்தான். "அப்ப நாடாச் சத்தத்துக்கு என்னங்க பண்றது?" என்றேன். "அதைக் காதைச் சுத்தி உக்கார்ற மெத்தைதான் தடுக்கோணும். எவ்வளவு இறுக்கமா மூடுதோ அவ்வளவு. முழுசா நிக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேனுங்க" என்றார். விற்கிறவர் இப்படிச் சொன்னதும் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

கடைக்குள் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது என்று, மூன்று ஹெட்போனைப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "போத்தனூர் பஸ் ஏறிப் போயிட்டு வாங்க. வீட்டுக்காரரை இங்க உட்டுப்போட்டுப் போங்க." ஆக, புருஷனை அடகு வைத்துவிட்டுப் பகல் 12.20-க்கு உக்கடத்தில் பஸ் ஏறினேன். போத்தனூர் ஆறு கிலோமீட்டர் இருக்கும், இருபத்தைந்து நிமிஷம். பழைய பஸ்ஸாகப் பார்த்து இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

பதினான்காயிரம் ரூபாய்க்கு ஷோரூமில் பார்த்த அதே மாடலும் பையில் இருந்தது. அதைப் போட்டால் இன்ஜின் சத்தம் முக்கால்வாசி போனது, ஆனால் ஹாரன் வந்தது. இரண்டாவது ஏழாயிரத்துக்குள், 6,800. அதிலும் இன்ஜின் அடங்கியது, ஹாரன் கொஞ்சம் குறைந்தே வந்தது, மெத்தை தடிமன். மூன்றாவது 2,900, பொத்தானை அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும் ஒன்றுதான். நடுவில் கண்டக்டர் வந்து வாயசைத்தார். குடோனில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவளாயிற்றே, ஹெட்போனைக் கழற்றாமலே "போத்தனூருங்க" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

போத்தனூர் ரயில்வே ஸ்டேஷன் எதிரில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். ரயில் ஒன்று கிளம்பும்வரை நின்று மூன்றையும் மறுபடி மாற்றி மாற்றிப் போட்டேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. நான் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எல்லாமே இன்னும் நன்றாக அடங்குகிறது. கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிவிட்டு, அந்தச் சந்தில் சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது. என் காம்பு பட்டையானது. அதை மெல்லிய காம்பாக மாற்றினால் போதும், இரண்டாவது ஹெட்போனுக்கும் முதலாவதுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

1.30-க்குக் கடைக்குத் திரும்பினேன். குமாரும் பாயும் பிரியாணி வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு எனக்கு ஒரு பொட்டலம் வைத்திருந்தார்கள், நூற்று அறுபது ரூபாய், குறை சொல்ல முடியாது. இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. என் வேலைக்குப் பெடல் ஒன்று உண்டு, காலால் அமுக்கினால் ஆடியோ ஓடும், காலை எடுத்தால் நிற்கும், அதையும் லேப்டாப்போடு கொண்டுபோயிருந்தேன். வயர் இல்லாமல் இணைத்தால் காலை எடுத்த பிறகும் குரல் ஒரு நொடிப்பொழுது தாமதித்து நின்றது. வயர் செருகினால் உடனே நின்றது. வயர் செருகிய பிறகும் சத்தம் அடக்கும் வேலை நடக்கிறதா என்று பாய் போட்டுக் காட்டினார். 6,800-ஐ 6,500-க்குக் கொடுத்தார். பக்கத்துக் கண்ணாடிக் கடையில் மெல்லிய காம்பு 350 ரூபாய்.

நாலு மணி பஸ்ஸுக்கு வீடு சேர 5.35. கரண்ட் வந்து தறி ஓட ஆரம்பித்திருந்தது, தறி ஓட்டுகிற ஆள் வந்து போட்டுவிட்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்து மாட்டினேன். உறுமல் சுத்தமாகப் போனது. நாடாச் சத்தம் பாதிதான் போனது. பாதி மிச்சம். அதுவும் உறுமல் இல்லாததால் ஒவ்வொரு அடியும் தனியாகத் தெரிந்தது, மண்டையில் கொட்டுகிற மாதிரி. பாய் சொன்னதுதான், தெரிந்துதான் வாங்கினேன், ஆனாலும் அழுகை வந்துவிட்டது. சுவிட்சை ஒரு தரம்கூடத் தட்டவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டீ வரவில்லையே என்று குமார் வந்து பார்த்தார். ஹெட்போனை என் தலையிலிருந்து எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு குடோனுக்குள் போய்விட்டார். பத்து நிமிஷம் ஒவ்வொரு தறியாக நின்று நின்று கேட்டார். திரும்பி வந்து, "மூணாவது தறி பிக்கர் தேஞ்சு போயிருக்குது. இத்தனை நாளா எனக்குத் தெரியவே இல்ல பாரு" என்றார். பிக்கர் என்பது நாடாவை அடித்துத் தள்ளுகிற துண்டு. மோட்டார்களின் உறுமலில் அந்தத் தேய்ந்த அடி மறைந்துபோயிருக்கிறது. மூணாவது தறிதான் என் சுவரை ஒட்டி நிற்பது. ஞாயிற்றுக்கிழமை அதை நிறுத்திப் புதுப் பிக்கர் போட்டு, தறிக் காலுக்கு அடியில் பழைய டயர் ரப்பரை வெட்டி வைத்தார். ஒன்றரை மணி நேரம். ரிப்பேருக்கு நிறுத்தலாம் என்று சொன்னேன் அல்லவா? அன்று மத்தியானம் ஹெட்போனை மாட்டியபோது பாதி வால்யூமில் டாக்டரின் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

நீங்களும் வாங்கப் போகிறீர்கள் என்றால், கடையின் அமைதியில் சோதிக்காதீர்கள். பஸ் ஏறுங்கள். சத்தத்தைச் செல்போனில் பதிந்து கொண்டுபோய் அசடு வழியாதீர்கள். முதலில் பொத்தானை அணைத்து, மெத்தை மட்டும் எவ்வளவு தடுக்கிறது என்று பாருங்கள், பிறகு போட்டுப் பாருங்கள். கண்ணாடி, கம்மல் எது போடுவீர்களோ அதோடேயே போங்கள். சத்தத்தை அடக்கும் பொத்தான் உங்கள் காதுக்குத்தான், போனில் எதிரில் பேசுகிறவருக்கு உங்கள் வீட்டுச் சத்தம் கேட்கத்தான் செய்யும், அதற்கு மைக் வேறாக நன்றாக இருக்க வேண்டும். காதுக்குள் லேசாக அழுத்துகிற மாதிரி இருக்கும், எனக்கு இரண்டு நாளில் பழகியது, சிலருக்குப் பழகாதாம். தறிக்குடோனுக்குள்ளேயே நிற்பவர்களுக்கு இது காணாது, தொழிற்சாலைக்கு விற்கிற காதுக்கவசம் தனியாக வாங்க வேண்டும். குமாருக்கு வாங்கியாகிவிட்டது, ஆணியில் தொங்குகிறது. சொல்லிப் பார்க்கிறேன், செவிடன் காதில் ஊதிய சங்குதான். இரண்டு பேரின் பஸ், சாப்பாடு, டீ சேர்த்து அன்றைய வழிச்செலவு 450-ஐத் தாண்டவில்லை.

திங்கட்கிழமை தேர்வு எழுதினேன். இரண்டு மணி நேரமும் என் மேசை பல்பு ஒரு தரம்கூட அணையவில்லை. அவருக்குப் பதினொரு மணி டீ இல்லாமல் இருக்கவே முடியாது.

முடிவு புதன்கிழமை மத்தியானம் மெயிலில் வந்தது. படித்துவிட்டுச் சுவிட்சை மூன்று தரம் தட்டினேன். மூன்றுக்கு எங்களிடம் அர்த்தமே கிடையாது. அவர் குடோன் வாசலுக்கு ஓடி வந்தார், நானும் எழுந்து ஓடினேன். "பாஸ்" என்றேன். உதட்டைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்கும், பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிற உதடுதான். ஆனாலும் அவர் திரும்பிப் போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். எட்டுத் தறியும் நின்றது. தெருவில் எல்லார் வீட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்பச் சொல்லு அம்மணி" என்றார்.