போர்டுக்குக் கீழே அவர் எழுதியது

ஆரணியில் எங்கள் தெரு நெடுக, பட்டு நூலை நெசவுக்குப் பாவாக நீட்டிக் கட்டியிருந்த காலையில் அந்த ஆந்திர லாரி உள்ளே வந்து சிக்கிக்கொண்டது. முன்னால் பாவு, திரும்ப இடமில்லை. டிரைவர் ஒல்லி. வண்டி நின்ற பிறகும் கியரிலிருந்து கையை எடுக்கவில்லை.

“லாரி வரக்கூடாதுன்னு முனையிலயே போர்டு இருக்கே, பார்க்கலியா?” என்று தெலுங்கில் கத்தினேன். எங்கள் வீட்டுப் பேச்சு அதுதான்.

“தெருவே தெலுங்கு பேசிகினு இருக்கீங்க. போர்டு மட்டும் ஏங்க தமிழ்ல?” என்று அவரும் தெலுங்கிலேயே கேட்டார்.

எங்களில் ஒருவருக்கும் தெலுங்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதைச் சொல்லாமல், பாவு வேலை முடியும்வரை காத்திருக்கச் சொன்னேன்.

மதியம் பாவைச் சுருட்டி வழிவிட்டோம். அவர் லாரியைத் திருப்பி, முனையில் இறங்கி, போர்டுக்குக் கீழே சாக்பீஸால் தெலுங்கில் ஏதோ எழுதிவிட்டுப் போனார். அது அழியாமலிருக்க நான் அதே கோடுகள்மேல் பெயிண்ட் அடித்தேன்.

இப்போது வரும் ஆந்திர டிரைவர்கள் அதைப் படித்துச் சிரித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.